இதழின் பெயரை நம்பி மருந்து கொடுக்க முடியாது

தீவிர சிகிச்சைப் பிரிவில் ரத்த அழுத்தம் சரிந்துகொண்டிருக்கும் ஒருவருக்கு உடனே நரம்பு வழியே திரவம் ஏற்றியாக வேண்டும். சாதாரண சலைனா, ஸ்டார்ச் கலந்த திரவமா என்று உட்கார்ந்து விவாதிக்க அங்கே நேரம் கிடையாது. மருத்துவர் தான் படித்ததை நம்பித்தான் பையைத் தொங்கவிடுகிறார். பல ஆண்டுகள் உலகின் பல மருத்துவமனைகளில் அப்படித் தொங்கிய பைகளில் ஒன்று ஹைட்ராக்ஸிஎத்தில் ஸ்டார்ச். அது பாதுகாப்பானது என்று சொன்ன கட்டுரைகளில் கணிசமானவை ஜெர்மனியின் லுட்விக்ஸ்ஹாஃபன் நகரத்து மயக்கவியல் நிபுணர் யோவாகிம் போல்ட் எழுதியவை. மதிப்புமிக்க இதழ்களில், முறைப்படி மதிப்பாய்வு செய்யப்பட்டு வெளிவந்தவை.

2009-இல் ‘அனஸ்தீசியா அண்ட் அனல்ஜீசியா’ இதழில் அவர் வெளியிட்ட ஒரு கட்டுரையைப் படித்த சில மருத்துவர்கள், இதில் உள்ள எண்கள் நிஜ நோயாளிகளிடம் கிடைக்க முடியாத அளவுக்குச் சீராக இருக்கின்றனவே என்று இதழாசிரியருக்கு எழுதினார்கள். விசாரித்துப் பார்த்தபோது அப்படி ஓர் ஆய்வே நடக்கவில்லை என்று தெரிந்தது. அதன்பின் அவருடைய மற்ற கட்டுரைகளையும் தோண்டினார்கள். இதுவரை திரும்பப் பெறப்பட்ட அவரது கட்டுரைகள் 200-ஐத் தாண்டிவிட்டன.

இதில் நம்மை உலுக்க வேண்டிய பகுதி அதற்குப் பிறகு வருவது. 2013-இல் ‘ஜாமா’ இதழில் ஒரு தொகுப்பாய்வு வெளியானது. இந்த ஸ்டார்ச் திரவம் பற்றி நடந்த 38 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துக் கணக்கிட்டார்கள். போல்டின் ஏழு ஆய்வுகளும் உள்ளே இருந்தவரை மரண அபாயம் தெளிவாகத் தெரியவில்லை. அந்த ஏழை நீக்கிவிட்டு, மீதமிருந்த 10,290 நோயாளிகளை மட்டும் வைத்துப் பார்த்தபோது, அந்தத் திரவம் ஏற்றப்பட்டவர்களிடம் மரணம் அதிகம், சிறுநீரகச் செயலிழப்பும் அதிகம். நீக்கப்பட்ட ஏழு ஆய்வுகளில் இருந்ததாகச் சொல்லப்பட்டவர்கள் மொத்தமே 590 பேர். ஐரோப்பிய ஒன்றியம் அந்தத் திரவத்தின் விற்பனை அனுமதியை நிறுத்திவைக்க 2022 வரை ஆயிற்று. இடைப்பட்ட ஆண்டுகளில் எத்தனை பேருடைய சிறுநீரகம் கெட்டது, எத்தனை பேர் வீடு திரும்பவில்லை என்பதை யாரும் இனி எண்ணிச் சொல்ல முடியாது.

மருத்துவ ஆய்வில் பொய்யோ பிழையோ நுழைந்தால் அதன் விலையை ஆய்வாளர் மட்டும் கொடுப்பதில்லை. அந்த ஆய்வின் பெயரையே கேள்விப்பட்டிராத ஒருவர், ஏதோ ஒரு வார்டில், தன் உடம்பால் கொடுக்கிறார். ஆகவேதான் ஆய்வு இதழ்களின் நிலைமை பற்றிப் பேசுவதை விஞ்ஞானிகளின் உள்வீட்டு விவகாரம் என்று ஒதுக்கிவிட முடியாது என்கிறோம்.

உயிர்மருத்துவ ஆய்வு உலகில் சில இதழ்களின் பெயருக்கு ஒரு தனி எடை இருக்கிறது. நேச்சர், செல், சயின்ஸ். மருத்துவர்களுக்கு லான்செட், நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின். வரும் கட்டுரைகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் திருப்பி அனுப்புபவை இவை. பெரும்பகுதி, வெளி ஆய்வாளர் யாரும் பார்க்காமலே, இதழாசிரியரின் மேசையிலிருந்தே திரும்புகிறது. இத்தனை வடிகட்டலைத் தாண்டி வந்ததென்றால் அது தரமானதாகத்தான் இருக்கும் என்று உலகம் முடிவு கட்டிவிட்டது. அதன் விளைவு, வேலைக்கான நேர்காணல், பதவி உயர்வு, ஆய்வு நிதி, விருது என எல்லா இடத்திலும் முதல் கேள்வி ‘எதில் பேப்பர் போட்டிருக்கிறீர்கள்?’ என்பதாகிவிட்டது. ‘என்ன கண்டுபிடித்தீர்கள்?’ என்பது இரண்டாம் கேள்வியாகப் பின்னுக்குப் போய், பல நேரங்களில் கேட்கப்படாமலே விடப்படுகிறது.

ஓர் ஆய்வகத்துக்குள் இது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். முனைவர் பட்ட மாணவி நான்கைந்து ஆண்டு உழைத்து ஒரு முடிவுக்கு வருகிறாள். கைடு சொல்கிறார்: முதலில் பெரிய இதழுக்கே அனுப்புவோம். ஒரு வாரத்தில் திரும்பி வருகிறது. அடுத்த இதழின் வடிவத்துக்கு எல்லாவற்றையும் மாற்றி எழுதி அனுப்புகிறார்கள். மூன்று மாதம் கழித்து மதிப்பாய்வாளர்கள் இன்னும் இரண்டு பரிசோதனை கேட்கிறார்கள். அதற்கு வேறு வகை எலி வேண்டும். வெளியூரிலிருந்து வாங்கி, இனம் பெருக்கி, வளர்க்க ஆறு மாதம். செய்து அனுப்பினால் ‘எங்கள் வாசகர்களுக்குப் போதுமான ஆர்வமளிக்காது’ என்று பதில். அடுத்த படி இறங்கி இன்னோர் இதழ். இதற்குள் வேறு நாட்டில் வேறோர் ஆய்வகம் அதே முடிவை வெளியிட்டுவிட்டால் மாணவியின் உழைப்பு ‘புதிதல்ல’ என்று தள்ளப்படும். உதவித்தொகைக் காலம் முடிந்து, வீட்டில் பணம் வாங்கி, ஆய்வகத்துக்கு வந்துகொண்டிருக்கும் ஆராய்ச்சி மாணவர்கள் நம் நாட்டில் நிறைய இருக்கிறார்கள்.

இந்த ஓட்டத்தில் ஆய்வின் வடிவமே மாறிப்போகிறது. பெரிய இதழ்கள் தெளிவான, திகைப்பூட்டும், ஒரே வரியில் சொல்லக்கூடிய கதையை விரும்புகின்றன. உடம்பு அப்படி ஒரே வரியில் நடந்துகொள்வதில்லை. மருந்து பாதிப் பேரிடம் வேலை செய்தது, மீதிப் பேரிடம் செய்யவில்லை, காரணம் புரியவில்லை என்று நேர்மையாக எழுதப்பட்ட கட்டுரைக்கு அங்கே இடம் கிடைப்பது அரிது. ஒன்றும் நடக்கவில்லை என்ற முடிவு அலமாரியிலேயே தங்கிவிடுகிறது. அது தெரியாத இன்னோர் ஆய்வகம் அதே காரியத்தை அதே செலவில் மறுபடி செய்கிறது. கதைக்கு ஒத்துவராத ஒரு வரைபடத்தைத் துணைக் கோப்புக்குத் தள்ளுவது, ஒத்துவராத இரண்டு எலிகளைக் கணக்கிலிருந்து நீக்குவது என்று சறுக்கல் தொடங்குகிறது. பெரும்பாலோர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். சிலர் நிற்பதில்லை.

வடிகட்டல் கடுமையானது என்பதால் சரக்கு சுத்தமாக இருக்கும் என்ற நம்பிக்கைக்கு 2020 மே மாதம் ஒரு பலமான அடி விழுந்தது. கொரோனாவின் முதல் அலை. ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மருந்து கொடுக்கப்பட்டவர்கள் அதிகம் சாகிறார்கள் என்று மே 22 அன்று லான்செட் ஒரு கட்டுரை வெளியிட்டது. ஆறு கண்டங்கள், 671 மருத்துவமனைகள், 96,032 நோயாளிகள். மூன்றே நாளில் உலக சுகாதார நிறுவனம் தன் பரிசோதனையில் அந்த மருந்துக்கான பகுதியை நிறுத்திவைத்தது. தரவு முழுவதையும் தந்தது சர்ஜிஸ்ஃபியர் என்ற சிறிய அமெரிக்க நிறுவனம். அந்தக் கட்டுரையில் ஆஸ்திரேலியாவில் ஏப்ரல் 21 வரை 73 பேர் இறந்ததாக ஒரு கணக்கு இருந்தது. அந்தத் தேதியில் அந்த நாடு முழுவதிலுமே கொரோனாவால் இறந்தவர்கள் 67 பேர்தான். செய்தித்தாள் படிக்கும் எவரும் கண்டுபிடித்திருக்கக்கூடிய முரண்பாடு இது. உலகின் மிகக் கடுமையான வடிகட்டல்களில் ஒன்று அதைத் தவறவிட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வாளர்கள் கேள்வி கேட்டுப் பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். மூலத்தரவைத் தணிக்கைக்குத் தர நிறுவனம் மறுத்தது. ஜூன் 4 அன்று லான்செட் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. அதே நிறுவனத்தின் தரவை வைத்து நியூ இங்கிலாந்து ஜர்னலில் வந்திருந்த கட்டுரையும் அதே நாளில் போனது.

மருந்து பயன் தந்ததா இல்லையா என்பது இங்கே விஷயமில்லை; அது பயன் தரவில்லை என்று பின்னர் நேர்மையான பெரிய பரிசோதனைகள் காட்டின. கட்டுரையை மதிப்பாய்வு செய்தவர்களில் யாரும் மூலத்தரவைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று இதழும் கேட்கவில்லை. பியர் ரிவியூ என்று நாம் பயபக்தியோடு சொல்லும் காரியம் பெரும்பாலும் இவ்வளவுதான்: இரண்டு மூன்று நிபுணர்கள், ஊதியமில்லாமல், தங்கள் வேலைக்கு நடுவே, எழுதி அனுப்பப்பட்டதைப் படித்துக் கருத்துச் சொல்கிறார்கள். எழுதியது நடந்ததா என்று சோதிக்க அவர்களிடம் வழி இல்லை.

சர்ஜிஸ்ஃபியர் விவகாரம் இரண்டு வாரத்தில் முடிந்தது, ஏனென்றால் உலகமே அந்தக் கட்டுரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அப்படிப் பார்க்கப்படாத கட்டுரைகளின் கதி வேறு. அல்சைமர் நோயில் நினைவிழப்புக்குக் காரணமான ஒரு குறிப்பிட்ட புரதத் திரளைக் கண்டுபிடித்துவிட்டதாக மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வகம் ஒன்று 2006-இல் நேச்சரில் எழுதியது. 2,000 தடவைக்கு மேல் பிற ஆய்வாளர்களால் மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரை. அதன் அடித்தளம் ‘வெஸ்டர்ன் பிளாட்’ படங்கள்: புரதங்களை எடைவாரியாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒரு கறுப்புப் பட்டையாகக் காட்டுபவை. வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் நரம்பியல் மருத்துவர் மாத்யூ ஷ்ராக் அந்தப் படங்களை உருப்பெருக்கிப் பார்த்து, பட்டைகள் வெட்டி ஒட்டப்பட்டதற்கும் ஒரே பட்டை மறுபடி பயன்படுத்தப்பட்டதற்கும் அடையாளங்கள் இருப்பதைச் சுட்டினார். 2022-இல் சயின்ஸ் இதழ் அதை விரிவான செய்தியாக வெளியிட்டது. நேச்சர் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றது 2024-இல். பதினெட்டு ஆண்டுகள். அல்சைமர் ஆய்வு முழுவதும் அந்த ஒரு கட்டுரையின் மேல் நிற்கவில்லை; அப்படிச் சொல்வது மிகை. ஆனால் அந்தப் புரதத்தைத் தேடி எத்தனை மாணவர்கள் தங்கள் ஆய்வுக் காலத்தைச் செலவிட்டு, கிடைக்காமல், தங்கள் கைத்திறனில்தான் குறை என்று நினைத்துக் குமைந்திருப்பார்கள்?

இவையெல்லாம் சில தனி மனிதர்களின் குற்றங்கள், இவற்றைக் காட்டி மொத்தத்தையும் பழிக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. குற்றமே இல்லாத இடத்திலும் நிலைமை நன்றாக இல்லை. ஆம்ஜென் மருந்து நிறுவனத்தின் ஆய்வாளர்கள் புற்றுநோய்த் துறையின் மைல்கற்கள் எனப்பட்ட 53 ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்ததில் 6 மட்டுமே நிலைத்தன என்று 2012-இல் தெரிவித்தார்கள். அதையடுத்து எட்டு ஆண்டுகள் நடந்த இன்னொரு முயற்சி, முக்கியமான 53 புற்றுநோய்க் கட்டுரைகளிலிருந்து 193 பரிசோதனைகளைத் தேர்ந்தெடுத்து மறுபடி செய்யத் திட்டமிட்டது. செய்ய முடிந்தது 23 கட்டுரைகளின் 50 பரிசோதனைகளை மட்டுமே. காரணம், கட்டுரையில் எழுதியிருந்ததை மட்டும் வைத்து 193-இல் ஒன்றைக்கூட மறுபடி செய்ய இயலவில்லை. மூல ஆசிரியர்களுக்கு எழுதிக் கேட்க வேண்டியிருந்தது, பலர் உதவவில்லை. செய்யப்பட்டவற்றிலும் விளைவின் அளவு, பெரும்பாலும் மூலக் கட்டுரை சொன்னதைவிட மிகச் சிறியதாக இருந்தது. சமையல் குறிப்பில் உப்பு எவ்வளவு என்றே எழுதாமல் விருந்து பிரமாதம் என்று மட்டும் எழுதியிருந்தால் எப்படி இருக்குமோ, அப்படி எழுதப்பட்ட கட்டுரைகள்தான் துறையின் உச்சியில் உட்கார்ந்திருந்தன.

இந்தப் பெயர் மயக்கத்துக்கு எண் வடிவம் கொடுத்தது ‘இம்பாக்ட் ஃபாக்டர்’. ஓர் இதழ் கடந்த இரண்டு ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகள் இந்த ஆண்டு சராசரியாக எத்தனை தடவை மேற்கோள் காட்டப்பட்டன என்ற கணக்கு. யூஜின் கார்ஃபீல்ட் இதை உருவாக்கியது தன் மேற்கோள் அட்டவணையில் எந்த இதழ்களைச் சேர்ப்பது என்று தீர்மானிக்க. பின்னர் நூலகர்களுக்கு எதற்குச் சந்தா கட்டலாம் என்று முடிவெடுக்கவும் உதவியது. அதோடு அதன் வேலை முடிந்தது. ஓர் இதழின் மேற்கோள்களில் பெரும்பகுதியை ஒரு சில கட்டுரைகளே ஈட்டுகின்றன. மற்றவை அந்தச் சராசரிக்கு வெகு கீழே கிடக்கின்றன. ஆகவே இதழின் எண்ணை எடுத்து அதில் எழுதிய ஒருவரின் நெற்றியில் ஒட்டுவது கணக்குப்படியே தவறு. ஆனாலும் உலகம் முழுக்க அதைத்தான் செய்தார்கள். சீனாவின் பல்கலைக்கழகங்கள் நேச்சரிலோ சயின்ஸிலோ எழுதியவர்களுக்குப் பல்லாயிரம் டாலர் ரொக்கப் பரிசே கொடுத்துவந்தன. 2020-இல்தான் அந்நாட்டு அரசு அதற்குத் தடை போட்டது.

பெயர் பார்த்து எடை போடுவதன் மறுபக்க நஷ்டமும் உண்டு. ஹான்ஸ் கிரெப்ஸ் 1937-இல் சிட்ரிக் அமிலச் சுழற்சி பற்றி எழுதியதை நேச்சர் எடுத்துக்கொள்ளவில்லை. அது ‘என்ஸைமோலோகியா’ என்ற இதழில் வந்தது. இன்று பிளஸ் டூ உயிரியல் மாணவர் மனப்பாடம் செய்கிற சுழற்சி அது. கேட்டலின் கரிகோவும் ட்ரூ வைஸ்மனும் எம்.ஆர்.என்.ஏ.வை உடலின் எதிர்ப்பிலிருந்து காப்பாற்றும் வழியைக் கண்டுபிடித்து எழுதியபோது, பெரிய முன்னேற்றமில்லை என்று நேச்சர் உடனே திருப்பி அனுப்பியது. 2005-இல் ‘இம்யூனிட்டி’ இதழில் வந்தது. அந்த வேலையில்தான் எம்.ஆர்.என்.ஏ. வகைக் கொரோனா தடுப்பூசிகள் எழுந்தன. 2023-இல் நோபலும் வந்தது. கரிகோ அதற்கு முன்பே தன் பல்கலைக்கழகத்தில் பதவி இறக்கப்பட்டிருந்தார். அவர் பிடிவாதக்காரராக இருந்தார், தாக்குப்பிடித்தார். அதே நிலையில் துறையை விட்டே போனவர்களின் கண்டுபிடிப்புகள் என்னவாயின என்று யாரைக் கேட்பது?

இதழின் பெயரால் அல்லாமல் தன் தரத்தால் நின்ற ஆய்வுக்கு நம் ஊரிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. தமிழ்நாட்டில் மருத்துவம் படிக்கும் ஒவ்வொருவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். 1956-இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருப்பது, ஒரு நேரடியான கேள்வியைக் கையில் எடுத்தது. காசநோயாளியை மாதக்கணக்கில் சானடோரியத்தில் வைத்துத்தான் தீர வேண்டுமா, வீட்டிலேயே மருந்து கொடுத்தால் போதாதா? 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைச் சானடோரியத்திலும், மறு பாதியை இட நெருக்கடியும் அரைகுறைச் சாப்பாடும் நிறைந்த அவர்களுடைய வீடுகளிலும் வைத்து, ஓராண்டு ஒரே மருந்தைக் கொடுத்தார்கள். இரு பிரிவிலும் குணமானவர்களின் விகிதம் ஏறக்குறைய ஒன்றுதான். வீட்டிலிருந்த நோயாளியால் குடும்பத்தாருக்குத் தொற்று கூடவில்லை என்பதும் தெரிந்தது. உலகம் முழுக்கக் காசநோய்ச் சிகிச்சையை மாற்றி எழுதிய ஆய்வு இது.

அது 1959-இல் வெளியானது உலக சுகாதார நிறுவனத்தின் ‘புல்லட்டின்’ இதழில். ஏறத்தாழ நூறு பக்கம். யார் சேர்க்கப்பட்டார்கள், யார் ஏன் விலக்கப்பட்டார்கள், என்ன சாப்பிட்டார்கள், எக்ஸ்-ரேயை யார் எப்படிப் படித்தார்கள், மருந்தை ஒழுங்காக விழுங்கினார்களா என்று எப்படிச் சோதித்தார்கள், எல்லாம் அட்டவணை அட்டவணையாக உள்ளே இருக்கிறது. சந்தேகப்படுகிறவர் சரிபார்த்துக்கொள்ளலாம். இன்றைய பெரிய இதழ் ஒன்றுக்கு அதை அனுப்பினால் முதலில் ஏழெட்டுப் பக்கமாகச் சுருக்கச் சொல்வார்கள். அந்த ஆய்வை நம்பி இலட்சக்கணக்கான ஏழைகளை வீட்டுக்கு அனுப்பத் துணிந்த மருத்துவர்கள் இதழின் பெயரை நம்பவில்லை. அந்த நூறு பக்கங்களை நம்பினார்கள்.

இப்போது பணத்துக்கு வருவோம். 2020 நவம்பரில் நேச்சர், தன் கட்டுரைகளை எல்லோரும் இலவசமாகப் படிக்கும்படி வெளியிட ஆசிரியர் கட்ட வேண்டிய தொகையை அறிவித்தது: 9,500 யூரோ. அன்றைய மதிப்பில் 8 லட்சம் ரூபாய்க்கு மேல். ஆய்வு மாணவர்களுக்கான ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய் என்று வைத்தால், ஒரு மாணவரின் ஏறக்குறைய இரண்டாண்டுச் சம்பளம் ஒரு கட்டுரைக்கு. கட்டாவிட்டால் வெளியிட மாட்டார்கள் என்பதில்லை. சந்தாதாரர் மட்டும் படிக்கும்படி பூட்டி வெளியிடுவார்கள். ஏழை நாடுகளுக்குத் தரப்படும் தள்ளுபடிப் பட்டியல்கள் பெரும்பாலானவற்றில் இந்தியா இல்லை. ஆய்வுக்குப் பணம் கொடுத்தது மக்கள் வரி, எழுதியவருக்கும் மதிப்பாய்ந்தவருக்கும் இதழ் ஒரு ரூபாய் தரவில்லை, முடிவில் படிப்பதற்கும் மக்களே பணம் கட்ட வேண்டும். மத்திய அரசு 2024 நவம்பரில் ஒப்புதல் தந்த ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் முப்பது பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்களுக்காக மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறது. சிறு நகரத்து அரசுக் கல்லூரி மாணவருக்கும் இதழ்கள் கிடைக்கின்றன என்பது உண்மையான நன்மை; அதை நாம் வரவேற்கிறோம். ஆனால் அதில் ஒரு சிறு பங்கையாவது, வெளிவந்த முடிவுகள் சரிதானா என்று மறுபடி செய்து பார்க்க ஒதுக்கியிருக்கலாம்.

மேலே கதவு இறுகினால் கீழே கள்ளக் கதவு திறக்கும். இந்தியாவில் மருத்துவக் கல்லூரி ஆசிரியர்களின் பதவி உயர்வுக்கு ஆய்வுக் கட்டுரை கட்டாயமாக்கப்பட்டது. காலையில் முந்நூறு புறநோயாளிகள், மதியம் வகுப்பு, இரவுப் பணி, ஆய்வகமும் இல்லை, நிதியும் இல்லை, ஆனால் பேப்பர் வேண்டும். எங்கிருந்து வரும்? காசு வாங்கிக்கொண்டு கட்டுரை எழுதிக் கொடுக்கும், ஆசிரியர் பட்டியலில் இடத்தை விலைக்கு விற்கும் தொழிற்சாலைகளிலிருந்து வருகிறது. இது இந்தியாவில் மட்டும் இல்லை. வைலி நிறுவனம் 2021-இல் 298 மில்லியன் டாலர் கொடுத்து ஹிந்தாவி என்ற பதிப்பகத்தை வாங்கியது. 2023-இல் மட்டும் அதன் இதழ்களிலிருந்து 8,000-க்கும் மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. அந்த ஆண்டு உலகில் திரும்பப் பெறப்பட்டவை 10,000-ஐத் தாண்டின. அதற்கு முன் எந்த ஆண்டும் அவ்வளவு இல்லை. இவற்றில் எத்தனை ஏற்கெனவே தொகுப்பாய்வுகளுக்குள் புகுந்து, அங்கிருந்து சிகிச்சை வழிகாட்டிகளுக்குள் போய்விட்டன என்பதுதான் நம்மைத் தூங்கவிடாத கேள்வி. போல்டின் ஏழு கட்டுரைகள் என்ன செய்தன என்று பார்த்தோம்.

வடிகட்டும் இதழ்களே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆண்டுக்குப் பத்து இலட்சத்துக்கும் மேல் உயிர்மருத்துவக் கட்டுரைகள் வரும்போது, எதைப் படிப்பது என்று வழிகாட்ட யாராவது வேண்டும். நல்ல இதழாசிரியர்கள் மோசமான ஆய்வுகளைத் தடுத்தும் நல்லவற்றைச் செம்மைப்படுத்தியும் இருக்கிறார்கள். அவர்கள் கையில் பெரிய அதிகாரமும் இருக்கிறது. முன்கூட்டியே பதிவு செய்யாத மருந்துப் பரிசோதனைகளை வெளியிட மாட்டோம் என்று முன்னணி மருத்துவ இதழ்கள் 2004-இல் கூட்டாக அறிவித்தன. ஒரே அறிவிப்பில் உலகத்தின் பழக்கம் மாறியது. இந்தியாவில் 2007-இல் பதிவேடு வந்து, 2009 முதல் பதிவு கட்டாயமாயிற்று. அதே இதழ்கள் மூலத்தரவும் படங்களின் அசல் கோப்பும் இல்லாமல் கட்டுரையைக் கையில் எடுக்க மாட்டோம் என்று நாளைக்கே அறிவிக்கலாம். அறிவித்தால் சர்ஜிஸ்ஃபியர் போன்ற ஒன்று வாசலிலேயே நின்றுவிடும். எலிசபெத் பிக் என்ற டச்சு நுண்ணுயிரியலாளர் 20,000-க்கும் மேற்பட்ட கட்டுரைகளின் படங்களைத் தன் கண்ணாலேயே சோதித்து, ஏறத்தாழ நூற்றுக்கு நான்கில் கோளாறு இருப்பதை 2016-இல் காட்டினார். கோடிகளில் இலாபம் பார்க்கும் பதிப்பகங்கள் அந்த வேலைக்கு ஆள் போட முடியாது என்று சொல்ல என்ன நியாயம் இருக்கிறது?

மாற்று வழியில் நடக்க முயன்ற ஓர் இதழுக்கு என்ன ஆனது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 2012-இல் தொடங்கப்பட்ட ‘ஈலைஃப்’, 2023 முதல், மதிப்பாய்வுக்கு எடுத்துக்கொண்ட எந்தக் கட்டுரையையும் ஏற்பது நிராகரிப்பது என்பதையே விட்டுவிட்டது. கட்டுரையையும் மதிப்பாய்வாளர்கள் சொன்ன குறைகளையும் சேர்த்தே வெளியிடுகிறது. படிப்பவர் முடிவு செய்துகொள்ளலாம். இந்த முறையில் குறைகள் இருக்கலாம். ஆனால் மேற்கோள் அட்டவணையை நடத்தும் நிறுவனம் 2025 முதல் அதற்கு இம்பாக்ட் ஃபாக்டர் இல்லையென்று ஆக்கிவிட்டது. அந்த எண் இல்லாத இதழில் எழுதினால் தங்கள் பதவி உயர்வுக் குழு கணக்கில் எடுக்காது என்று பல நாட்டு ஆய்வாளர்கள் ஒதுங்கினார்கள். அறிவியல் எங்கே எழுதப்பட வேண்டும் என்பதை ஒரு வணிக நிறுவனத்தின் எண் தீர்மானிக்கும் அளவுக்கு நாம் வந்துவிட்டோம்.

ஆகவே சாவி இதழ்களிடம் மட்டும் இல்லை. வேலை கொடுப்பவர்களிடம், நிதி கொடுப்பவர்களிடம் இருக்கிறது. தேசிய மருத்துவ ஆணையம், ஐ.சி.எம்.ஆர்., பல்கலைக்கழகங்களின் தேர்வுக் குழுக்கள் இந்த ஆண்டே செய்யக்கூடியவை உண்டு. விண்ணப்பதாரரின் கட்டுரைப் பட்டியலைக் கேட்பதை நிறுத்திவிட்டு, அவரே தேர்ந்தெடுத்த மூன்று கட்டுரைகளைக் கேளுங்கள். இதழின் பெயரை மறைத்துவிட்டு, குழுவினர் அதை உட்கார்ந்து படியுங்கள். படிக்க நேரமில்லாதவர் குழுவில் இருக்க வேண்டாம். நோயாளிகளை நன்றாகப் பார்ப்பவருக்கும், நன்றாகக் கற்பிப்பவருக்கும், ஆய்வு செய்யாமலே பதவி உயர வழி வையுங்கள்; கட்டாயக் கட்டுரை என்ற விதி போனால் கட்டுரைத் தொழிற்சாலைக்கு வாடிக்கையாளர் இல்லாமல் போவார்கள். கல்வி நிறுவனங்களுக்கான என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசை, திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளுக்கு மதிப்பெண் குறைக்கும் வழிக்கு 2025-இல் வந்திருக்கிறது. நோக்கம் நல்லது. ஆனால் தன் பிழையைத் தானே கண்டு, ‘தவறிவிட்டது’ என்று எழுதித் திரும்பப் பெறும் நேர்மையான ஆய்வாளரையும் மோசடிக்காரரையும் ஒரே தண்டனைக்கு உட்படுத்தினால், கல்லூரிகள் பிழையை மூடிவைக்கத்தான் கற்றுக்கொள்ளும். இந்த வேறுபாட்டை விதியிலேயே எழுதியாக வேண்டும்.

இன்னொன்று, நம் கைக்கு மிக அருகில் இருப்பது. தமிழ்நாட்டின் மருத்துவக் கல்லூரிகளில் எம்.டி., எம்.எஸ். படிக்கும் ஒவ்வொருவரும் ஓர் ஆய்வேடு எழுதியாக வேண்டும். ஐம்பது அறுபது நோயாளிகளைத் தனியாகத் திரட்டி, எந்த முடிவுக்கும் போதாத ஓர் ஆய்வை அவசரமாக முடித்து, பைண்டு செய்து, நூலகத்தில் வைத்துவிட்டுப் போகிறார்கள். அத்தனை உழைப்பும் வீண். அதற்குப் பதில் ஒரே கேள்வியை இருபது கல்லூரி மாணவர்கள் ஒரே விதிமுறையில், முன்கூட்டியே பதிவு செய்து, சேர்ந்து ஆராயலாம். வெளிநாட்டுப் பெரிய இதழில் வந்து, இங்கே நாள்தோறும் பின்பற்றப்படும் சிகிச்சை ஒன்றை எடுத்து, நம் நோயாளிகளிடம் அது நிஜமாகவே பலிக்கிறதா என்று பார்க்கலாம். பலித்தாலும் பலிக்காவிட்டாலும் தரவு முழுவதையும் அடையாளங்களை நீக்கிப் பொதுவில் வைக்கலாம். காசநோய் மையத்தார் 1956-இல் இதைவிடக் குறைந்த வசதியில் இதைத்தான் செய்தார்கள். தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் அடுத்த முதுநிலைச் சேர்க்கைக்கு முன் இதற்கான விதியைக் கொண்டுவர வேண்டும். எந்தச் சிகிச்சைகளை முதலில் சோதிப்பது என்ற பட்டியலை, வார்டில் தினமும் அவற்றைக் கொடுத்துக்கொண்டிருக்கும் மருத்துவர்களிடமும் செவிலியர்களிடமும் கேட்டே தயாரிக்க வேண்டும்.